கம்ப்யூட்டருக்கும் ஓர் இருப்புப் பேரேடு வேண்டும்



கடையில் எத்தனை மூட்டை துவரம் பருப்பு இருக்கிறது என்று யாராவது கேட்டால், நம்மில் எவரும் சிட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். எந்த ஊர்ச் சரக்கு, எந்த அடுக்கில் கிடக்கிறது, எது முதலில் வெளியேற வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அதே கடையில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது, எதில் எந்த மென்பொருள் ஓடுகிறது, அதன் உரிமம் யார் பெயரில் உள்ளது, ஒன்று நின்றால் கூடவே எவையெல்லாம் நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். "பையன் வரட்டும், கேட்டுச் சொல்கிறோம்" என்பதுதான் பதில். 2025 அக்டோபர் 1-ஆம் தேதி வரை எங்கள் கடையிலும் இதே பதில்தான்.

தேதியைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியமைத்ததும், புதிய விகிதம் 22-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்ததும் உங்கள் அனைவருக்கும் நினைவிருக்கும். நெய், வெண்ணெய், பாதாம் பிஸ்தா வகையறா 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. பிஸ்கட், ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18-லிருந்து 5-க்கு இறங்கின. குளியல் சோப்புக் கட்டிக்கு 5. ஆனால் திரவ சோப்பும் சலவைத் தூளும் 18-லேயே நின்றன. ஒரே கம்பெனிச் சரக்கு, ஒரே அலமாரி, இரண்டு வரி.

எங்களிடம் ஆயிரத்து இருநூறு உருப்படிக்கு மேல் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. வீட்டில் படையலை முடித்துக்கொண்டு மாலையில் கடையைத் திறந்தோம். கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரிலும், உள்ளே கணக்கெழுதும் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு பொருளாக வரியைத் திருத்தினோம். ஒருவர் பட்டியலைப் படிக்க, ஒருவர் தட்ட, மூன்றாவது ஆள் சரிபார்க்க, இரவு ஒரு மணி ஆகிவிட்டது. மறுநாள் காலை முதல் பில் சரியாக வந்தது. வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம்.

ஒன்பது நாள் கழித்து ஆயுத பூஜை. தராசு, எடைக்கல், கொக்கி, தள்ளுவண்டி என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த பையன், கடைசியாகக் கிட்டங்கிக்குப் போனான். அங்கே மூலையில், சாக்குக் கட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. நேரே கிட்டங்கிக்கு வந்து சரக்கு ஏற்றும் கடைக்காரர்களுக்கு அங்கேயே பில் போடுவதற்காக 2019-இல் பழைய விலைக்கு வாங்கிப் போட்டது. மற்ற இரண்டோடும் அதற்கு இணைப்புக் கிடையாது. மாதம் பிறந்ததும் பில்களைப் பென் டிரைவில் எடுத்து வந்து கணக்கில் ஏற்றுவோம். அங்கே பில் போடும் பெரியவருக்குப் பொத்தானைத் தட்டத் தெரியும், வரியை மாற்றத் தெரியாது. பொட்டு வைக்கப் போன பையன் பிரிண்டரில் தொங்கிய பில்லைக் கிழித்துக் கொண்டுவந்து நீட்டினான். ஷாம்புக்கு 18 சதவீதம் போட்டிருந்தது.

அறுபத்து மூன்று பில். வாங்கிப் போனவர்கள் பெரும்பாலும் வேடசந்தூர், வடமதுரை, நத்தம் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள். பழைய சரக்கு, அதனால் பழைய வரி போலிருக்கிறது என்று அவர்களே சமாதானம் செய்துகொண்டிருக்கிறார்கள். சரக்கு வந்த தேதி வேறு, விற்கிற தேதி வேறு, வரி பின்னதைத்தான் பார்க்கும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒருவர் மட்டும் நேரில் வந்து சொன்னார்: "அண்ணே, டி.வி.யில விலை குறைஞ்சிருச்சுன்னு சொல்றான். உங்க பில்லைப் பார்த்து நான் பழைய விலைக்கு வித்தேன். தெருக்காரங்க என்னையத்தான் திருடன்ங்கிறாங்க."

அறுபத்து மூன்றுக்கும் கிரெடிட் நோட் போட்டு வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டோம். பணக் கணக்கு ஒரு வாரத்தில் நேராகிவிட்டது. அந்த மனிதருக்கு அவருடைய தெருவில் போன பெயரை எந்த நோட்டுப் போட்டு நாங்கள் திருப்புவது?

முதலில் பையனைத்தான் திட்டினோம். பிறகு யோசித்தால், அவன் ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தவன். கிட்டங்கியில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும், ஆனால் அன்றிரவு நினைவுக்கு வரவில்லை. "கம்ப்யூட்டர் மூன்று" என்று எங்காவது ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், இரண்டை முடித்ததும் மூன்றாவது எங்கே என்று தேடியிருப்போம்.

தீபாவளிக்கு வந்திருந்த தங்கை மகனிடம் இதைச் சொன்னோம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சிரித்துவிட்டான். "மாமா, எங்க இடத்திலயும் இதே கதைதான். உங்களுக்கு மூணு, எங்களுக்கு மூவாயிரம்" என்றான். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனியாக ஒரு பேரேடு வைக்கிறார்களாம். கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் டேட்டாபேஸ் என்று நீளமான பெயர், சி.எம்.டி.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1980-களின் இறுதியில் பிரிட்டன் அரசின் கம்ப்யூட்டர் அமைப்பு, அரசு அலுவலகங்களை ஒழுங்குபடுத்த ஐ.டி.ஐ.எல். என்று ஒரு நூல் வரிசை வெளியிட்டது. அதிலிருந்து உலகம் முழுவதும் பரவிய முறை இது. கம்ப்யூட்டர், மென்பொருள், இணைப்பு என்று ஒவ்வொன்றும் அதில் ஓர் உருப்படி. நம் இருப்புப் பேரேட்டில் இல்லாத ஒரு விஷயமும் அதில் உண்டு. எது எதைத் தாங்கி நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுவார்கள்.

அப்படியானால் பெரிய இடங்களில் குளறுபடியே இராது என்று நினைத்தோம். அதுவும் இல்லையாம். பேரேட்டைத் தொடங்குவது எளிது, அதை உண்மையாக வைத்திருப்பதுதான் பெரும்பாடு என்றான். கண்ணில் கண்டதையெல்லாம் ஏற்றிவிடுகிறார்கள்; பிறகு அதைப் பராமரிக்க ஆள் இல்லை. எல்லோருக்கும் பொறுப்பு என்பார்கள்; கேட்டால் ஒருவரும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரை மாற்றுகிறவர் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார். பேரேட்டில் பழையதே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் அந்தப் பேரேட்டை எவரும் நம்புவதில்லை. இது நமக்குப் புதிதா? கிட்டங்கி இருப்பை ஒழுங்காக எழுதாத வியாபாரி என்ன ஆவான் என்பதை நாற்பது ஐம்பது வருடமாகப் பார்த்து வருகிறோம். நாங்கள் ஒருபடி மேலே போய்ச் சொல்வோம்: தப்பான பேரேடு, பேரேடே இல்லாததைவிடக் கெடுதல். பேரேடு இல்லாதவன் வாக்குக் கொடுக்குமுன் போய் மூட்டையை எண்ணிப் பார்ப்பான். தப்பான பேரேடு வைத்திருப்பவன் அதை நம்பி இருபது மூட்டைக்குக் கை நீட்டி அட்வான்ஸ் வாங்கிவிடுவான்.

2024 ஜூலையில் நடந்த இரண்டு சம்பவங்களை இங்கே சொல்ல வேண்டும். 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தம் அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் முடங்கிப்போன கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் முன்னால் ஆள் போய் உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எத்தனை இருக்கிறது என்ற பட்டியல் கையில் இல்லாதவன் எங்கிருந்து தொடங்குவான்?

அதே மாதம் 31-ஆம் தேதி நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானதால், பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அதன் இணைப்பைத் துண்டித்து வைத்தது. ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பவோ பெறவோ முடியவில்லை. மறுநாள் சரியானது. அப்படி ஒரு நாள் நம் கடைக்கு வந்தால், கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை எந்த வங்கிக் கணக்கில் போய் விழுகிறது, மாற்றாக வேறு வங்கி அட்டை எங்கே இருக்கிறது என்பது முதலாளி இல்லாத நேரத்தில் கடையில் நிற்பவருக்குத் தெரியுமா?

தீபாவளி முடிந்த கையோடு நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். இருநூறு பக்கத்து நீள நோட்டு, கடையில் விற்கிறதுதான். பொருள், இருக்கும் இடம், எதற்குப் பயன், யார் பொறுப்பு, வாங்கிய தேதி, புதுப்பிக்கும் தேதி, கடைசியாக ஒரு பத்தி: "இது நின்றால் எது நிற்கும்?" முதல் ஆறு பத்தியும் ஒரு மாலையில் முடிந்துவிட்டன. கடைசிப் பத்திக்கு மூன்று மாலை ஆனது. உதாரணத்துக்கு, இணைய இணைப்புப் பெட்டிக்கு மின்சாரம் தரும் சின்ன அடாப்டர். சில நூறு ரூபாய் பெறும். அது கருகினால் இணையம் நிற்கும். அதோடு இ-வே பில் நிற்கும். கல்லாக் கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் உள்ளறைக் கம்ப்யூட்டரிலிருந்து பொருள் பட்டியலை எடுக்கிறது என்பதால் கல்லாவிலும் பில் நிற்கும். சவுண்ட் பாக்ஸ் மட்டும் தனி சிம்மில் ஓடுவதால் நிற்காது. இத்தனையும் அந்தச் சின்ன அடாப்டரில் தொங்குகிறது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. மறுநாளே இன்னொன்று வாங்கி மேசை டிராயரில் போட்டு, அதையும் ஒரு வரியாக எழுதினோம்.

எலிக்குட்டி, வயர், கீபோர்டு எதையும் எழுதவில்லை. எது நின்றால் வியாபாரம் நிற்குமோ, எதற்குக் கெடுத் தேதி உண்டோ, எதில் வேறொருவர் பெயர் சம்பந்தப்பட்டிருக்கிறதோ அவை மட்டும். ஆக முப்பத்தொரு வரி. நான்கு எலக்ட்ரானிக் தராசுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையில் மறுமுத்திரை வாங்க வேண்டிய தேதி அதில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், அது எந்தச் செல்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதும் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன என்று செய்தி வந்ததல்லவா? எங்களிடம் எதில் அது ஓடுகிறது என்று பார்த்தால் கல்லாவிலும் உள்ளறையிலும் அதுவே. கிட்டங்கியில் இருந்ததோ விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரியிலேயே தவணை முடிந்திருந்தது. அதில் எங்கள் கடைக்காரர்களின் பெயரும் பாக்கியும் அத்தனையும் இருந்தன.

இனி அந்த நோட்டு பொய்யாகாமல் இருக்க வேண்டும். அதற்கு எங்கள் கடையில் ஒரு சட்டம் போட்டோம். கம்ப்யூட்டர் மெக்கானிக் எதை மாற்றினாலும், என்ன மாற்றினோம் என்று நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கூலி. முதல் தடவை மெக்கானிக் முகம் சுளித்தார். இரண்டாவது தடவை அவரே நோட்டைக் கேட்டு வாங்கினார். போன தடவை என்ன செய்தோம் என்பது அவருக்கும் மறந்துபோயிருந்தது.

நோட்டுக்குப் பொறுப்பு ஒரே ஆள், எங்கள் கணக்குப் பெண். அவர் எழுதினால்தான் எழுத்து. ஆனால் சரிபார்ப்பது அவர் இல்லை. இருப்பு வைப்பவரே இருப்பு எண்ணக் கூடாது என்பது நம் தொழிலில் பழைய வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் நோட்டில் பத்து வரியை எடுத்துக்கொண்டு அந்தப் பொருள் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். பிறகு கடையில் கண்ணில் படும் பத்துப் பொருளைப் பார்த்துவிட்டு அவை நோட்டில் இருக்கின்றனவா என்று வந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்காவிட்டால் பாதிதான் தெரியும். முதல் சரிபார்ப்பில் நோட்டில் இருந்த ஒரு சவுண்ட் பாக்ஸ் கடையில் இல்லை. வங்கிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடிக்க மறந்திருந்தோம். மாடியில் இருந்த கேமராப் பெட்டி நோட்டில் இல்லை.

பழுதாகிப் போனதை அழித்துவிடக் கூடாது, தேதி போட்டுக் கோடு இழுக்க வேண்டும். ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதத்துக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். பழைய பில்கள் இருந்த கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, அதற்குள் இருந்த டிஸ்க் எங்கே என்று அதிகாரி முன்னால் முழிக்கலாமா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லோருக்கும் பெருமை. எங்கள் தந்தையார் காலத்தில் கிட்டங்கிக் கதவுக்கு நம்மூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்த பூட்டுத்தான். சாவி மூன்று. எந்தச் சாவி யாரிடம், என்றைக்கு வாங்கினார், என்றைக்குத் திருப்பினார் என்று கல்லாவுக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். வேலையை விட்டுப் போகிறவர் சாவியைக் கொடுத்து நோட்டில் அடித்துவிட்டுத்தான் சம்பளம் வாங்குவார். இப்போது கதவுச் சாவியை விட முக்கியமான சாவி செல்பேசி எண். அதற்கு நோட்டு இல்லை.

2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லா வணிகர்களுக்கும் ஓ.டி.பி. கட்டாயமானது. அந்த மாதம் ஒரு நாள் மாலை கேரளத்துக்குப் போக வேண்டிய லாரி சரக்கு ஏற்றி நிற்கிறது. ஓ.டி.பி. அனுப்பியாகிவிட்டது என்று திரை சொல்கிறது. எங்கள் செல்பேசிகள் ஒன்றிலும் வரவில்லை. விசாரித்தால், 2017-இல் ஜி.எஸ்.டி. பதிவு செய்தபோது எங்கள் பழைய கணக்குப்பிள்ளை தம்முடைய எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் நான்கு வருடம். அந்த எண்ணையும் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு எங்களில் யாருக்கும் கம்ப்யூட்டரைத் தொடப் பயம். லாரி அன்றிரவு முழுவதும் நின்றது. மறுநாள் லாரி ஆபீஸ்காரர் தம் பதிவிலிருந்து பில் எடுத்துக் கொடுத்துக் கைதூக்கி விட்டார். பிறகு வணிகவரி அலுவலகத்தில் மனுக் கொடுத்து எண்ணை மாற்றினோம். அப்போதே நோட்டுப் போட்டிருந்தால் அக்டோபர் கதை நடந்திராது.

பில் மென்பொருள் விற்பவர்கள் சிலர் உரிமத்தைத் தங்கள் மின்னஞ்சலிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள். புதுப்பிக்க வேண்டுமானாலும் ஆளை மாற்ற வேண்டுமானாலும் அவர்கள் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். வாங்கும்போதே நம் பெயரில், நம் மின்னஞ்சலில் என்று கேட்டு வாங்குங்கள்.

கடவுச்சொற்களை மட்டும் இந்த நோட்டில் எழுத வேண்டாம். எங்கள் கடையில் அவை உறையில் ஒட்டி இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. உறை எங்கே இருக்கிறது என்பதுதான் நோட்டில் உள்ளது.

"ஒரு செல்போன், ஒரு தராசு, ஒரு க்யூ.ஆர். அட்டை. எனக்கெதற்கு இதெல்லாம்?" என்று சிறு கடைக்கார நண்பர்கள் கேட்கலாம். கேட்டார்கள் கூட. அவர்களுக்கு நோட்டு வேண்டாம், பால் கணக்கு எழுதும் அட்டையின் பின்பக்கம் போதும். க்யூ.ஆர். யார் கணக்கில் விழுகிறது, வங்கியில் கொடுத்த செல்பேசி எண் எது, தராசு முத்திரை எந்த மாதம், கடன் பாக்கி செல்போனில் இருந்தால் அந்தச் செல்போன் தொலைந்தால் பாக்கி எங்கே? ஐந்தாறு வரிதான். நமக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய் வீட்டம்மாள் வந்து கல்லாவில் உட்கார்ந்தால், அந்த அட்டை அவருக்குப் பேசும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் உறுப்பினர்களுக்குத் தரும் நாட்காட்டியோடு இப்படி ஒரு பக்கப் படிவத்தையும் அச்சிட்டுக் கொடுக்கலாம். ஆயுத பூஜையன்று எப்படியும் கடையில் உள்ள ஒவ்வொன்றையும் தொட்டுத் துடைக்கிறோம். பொட்டு வைக்கும்போதே பக்கத்தில் ஒருவர் படிவத்தோடு நின்று எழுதிக்கொண்டு வந்தால் ஒரு மணி நேர வேலை. விலைக்கு விற்கும் மென்பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. விற்க வருவார்கள், வாங்க வேண்டாம்.

எங்கள் நோட்டில் இப்போது முப்பத்திரண்டு வரி. மாடிக் கேமராப் பெட்டியைச் சேர்த்துவிட்டோம். அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. மாட்டிய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்; "யார் பொறுப்பு" என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறது.